ஓதியாச்சு... புரிஞ்சாச்சா?

'கல்பு' என்றால் என்ன?

பக்கத்து சீட்டு பாயிடம் கேட்டுப் பாருங்கள். "இதயம்" என்பார். சரிதான். ஆனால் அதே சொல்லை நாம் 'கடலை' என்று சொல்கிற சாதா 'க'வில் ஆரம்பித்துச் சொன்னால், அரபிக்காரர் காதில் அது "நாய்" என்று விழும்! அரபியில் 'க' இரண்டு. ஒன்று சாதா. இன்னொன்று உள்நாக்குக்குக் கிட்டேயிருந்து கிளம்புகிற கனத்த 'க'. கனத்தது போட்டால் இதயம். சாதா போட்டால் நாய். "இறைவா, என் இதயத்தைச் சுத்தமாக்கு" என்று கையேந்தப் போய்... வேண்டாம், மீதியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டிலோ காரிமங்கலத்திலோ ஒரு எட்டு வயசுப் பையன். சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து, புத்தகப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு மதரஸாவுக்கு ஓடுகிறான். இந்த இரண்டு 'க'வையும் அவன் பிரித்துச் சொல்கிறானா என்று யார் பார்ப்பது? எப்படிப் பார்ப்பது? அதற்கு எத்தனை மார்க்?

"சாமி விஷயத்துல மார்க்கா சார்?" என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். மார்க் போடாத இடமே கிடையாது. ஆபீஸில் மேனேஜர் வருஷத்துக்கு ஒருமுறை நமக்கு அஞ்சுக்கு மூணு போட்டுவிட்டு, 'இன்னும் நல்லா பண்ணலாம்' என்று எழுதுகிறாரே, அதைவிட மோசமான மார்க் உலகத்தில் உண்டா? எதற்காக அந்த ரெண்டு மார்க் குறைந்தது என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. ஓதுகிற பையனுக்கும் அதே கதி வரலாமா என்பதுதான் விஷயம்.

தர்மபுரிப் பக்கம் இந்த விஷயத்தில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பழைய பாராமகால் சீமை இது. 1792-ல் திப்பு சுல்தான் கையிலிருந்து கும்பெனிக்காரர்கள் கைக்கு மாறிய இடம். மைசூர் ஆட்சி போனாலும் மொழி போகவில்லை. இங்கே முஸ்லிம் வீடுகள் பலவற்றில் அடுப்படி மொழி உருது. அதுவும் லக்னோ உருது இல்லை, 'நக்கோ', 'ஹவ்' என்று நம்ம ஊர் மண் ஒட்டிய தக்னி உருது. ஆக, பையன் வீட்டில் பேசுவது தக்னி. ஸ்கூலில் எழுதுவது தமிழ். மதரஸாவில் ஓதுவது அரபி. ஹஜ்ரத் பாடத்தை விளக்குவது சில இடங்களில் உருது, சில இடங்களில் தமிழ், பல இடங்களில் அன்றைக்கு வாயில் எது வருகிறதோ அது!

இதில் எங்கே தப்பு நடக்கிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு கலை. தமிழ் பேசும் வீட்டுப் பையன் கனத்த 'க'வை சாதா 'க' ஆக்கிவிடுவான். தக்னி பேசும் வீட்டுப் பையன் அதே எழுத்தைத் தொண்டையைக் காறுகிற மாதிரி வேறொரு எழுத்தாகச் சொல்வான். தக்னியின் வழக்கமே அது. ரெண்டு பேருக்கும் சைபர் போட்டால் நியாயமா? முதலாமவனுக்கு நாக்கைப் பின்னால் இழுக்கச் சொல்லித்தர வேண்டும். ரெண்டாமவனுக்குக் காற்றை அடக்கச் சொல்லித்தர வேண்டும். வியாதி வேற, மருந்து வேற. சைபர் எந்த மருந்தும் இல்லை.

குர்ஆனை உச்சரிக்கும் இலக்கணத்துக்கு 'தஜ்வீத்' என்று பெயர். அந்தக் கலைக்காரர்கள் தப்புகளை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று 'லஹ்னே ஜலீ', பளிச்சென்று தெரிகிற தப்பு. எழுத்து மாறுவது, குறில் நெடிலாவது, சொல் விடுபடுவது எல்லாம் இதில் வரும். இன்னொன்று 'லஹ்னே கஃபீ', மறைந்திருக்கும் தப்பு. மூக்கொலி கொஞ்சம் குறைந்தது, நீட்டல் சரியான அளவு வரவில்லை என்கிற ரகம். விஷயம் தெரிந்தவர் காதுக்கு மட்டும் அகப்படும். முதல் வகை பெரிய குற்றம், ரெண்டாவது சின்னக் குறை. பல நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே திருத்துகிறவர் கையில் இப்படி ஒரு அளவுகோலைக் கொடுத்துவிட்டார்கள். அதை நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்துக்கொண்டு மார்க் போடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. 'மாஷா அல்லாஹ், நல்லா ஓதுறான்' என்பது பாராட்டு. மார்க் இல்லை.

* * *

தேர்வுக்கு மதரஸா பாஷையில் 'இம்திஹான்'. தேர்வு வைக்க வருகிறவர் 'மும்தஹின்'. அரபி மதரஸாக்களில் முழுப் பரீட்சை ஷஃபான் மாதத்தில் நடக்கும். அது முடிந்தால் ரமலான் லீவு. ரமலான் முடிந்து ஷவ்வாலில் புது வருஷம். நம்ம ஸ்கூலுக்கு ஏப்ரல் மே மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகள் ஓதும் மக்தபில் பெரும்பாலும் வாய்மொழிப் பரீட்சைதான். அங்கே காலங்காலமாக நடக்கிற கூத்து ஒன்று உண்டு. உருது வழியில் படிக்கும் இடங்களில் 'தஃலீமுல் இஸ்லாம்' என்று ஒரு புத்தகம் பிரபலம். டெல்லி முஃப்தி கிஃபாயத்துல்லாஹ் எழுதியது. நாலு பாகம். முழுக்க முழுக்கக் கேள்வி, பதில். அருமையான புத்தகம்தான். ஆனால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கேள்வியையும் சேர்த்து உருப்போட்டுவிடுவார்கள்!

வரிசையாகக் கேட்டால் பதில் மழை மாதிரி கொட்டும். நடுவில் ஒரு கேள்வியைத் தாண்டிக் கேட்டீர்களோ, தொலைந்தது.

"பேட்டா, உளூவிலே ஃபர்ளு எத்தனை?"

"நாலு ஹஜ்ரத்!"

"ஷாபாஷ். இப்ப ஒருத்தன் மூஞ்சி கழுவினான், கை கழுவினான், கால் கழுவினான். தலையைத் தடவ மறந்துட்டான். அவன் தொழலாமா?"

மௌனம்.

"சொல்லு பேட்டா..."

"ஹஜ்ரத்... அந்தக் கேள்வி புக்லயே இல்ல ஹஜ்ரத்!"

(தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவது உளூ. அதில் விட்டே தீரக்கூடாத கடமைகள் ஃபர்ளு.)

நாலு என்று சொன்னவனுக்குத் தெரிந்தது எண். தெரியாதது உளூ. அவனைப் பரீட்சித்தவர் எண்ணைத்தான் பரீட்சித்திருக்கிறார். தண்ணீர்க் குழாய் பத்தடி தூரத்தில் இருக்கிறது. "எங்கே, செய்து காட்டு" என்று கூட்டிக்கொண்டு போனால் ரெண்டு நிமிஷத்தில் விஷயம் வெட்ட வெளிச்சம்!

அந்த 'நாலு'விலேயே இன்னொரு வேடிக்கை பாக்கி இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில்தான் நாலு. ஷாஃபி மத்ஹபில் ஆறு! மனதில் எண்ணம் கொள்வதும், வரிசை மாறாமல் செய்வதும் அங்கே கடமைக் கணக்கில் சேர்ந்துவிடும். தர்மபுரிப் பக்கத்து உருது பேசும் ஜமாஅத்துகள் பொதுவாக ஹனஃபி. காயல்பட்டினம், கீழக்கரைக் கடலோரத்தில் ஷாஃபி. கடலோரத்திலிருந்து ஒரு மும்தஹின் வந்து, விடைத்தாள் குறிப்பில் 'ஆறு' என்று எழுதி வைத்துக்கொண்டால் பாலக்கோட்டுப் பிள்ளைகள் மொத்தமும் அவுட். நேர்மாறாக நடந்தால் கீழக்கரை அவுட். கேள்வித்தாளில் 'ஹனஃபி மத்ஹபின்படி' என்று ரெண்டே ரெண்டு வார்த்தை சேர்த்தால் போதும்.

* * *

எழுத்துப் பரீட்சை, வகுப்பு, ரிசல்ட் எல்லாம் மதரஸாவுக்கு ஆதியிலிருந்தே இருந்ததில்லை. முன்காலத்தில் ஒரு ஆசிரியர், ஒரு கிதாபு, எதிரே ஒரு மாணவன். கிதாபை முழுசாகப் படித்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, ஆசிரியருக்குத் திருப்தி வந்தால் 'இஜாஸா', அதாவது 'நீ இதைப் பிறருக்குச் சொல்லித்தரலாம்' என்கிற அனுமதி. இந்தக் கிதாபுக்கு இவரிடம், அந்தக் கிதாபுக்கு அவரிடம். 18-ம் நூற்றாண்டில் லக்னோவின் முல்லா நிஜாமுத்தீன் வகுத்ததாகச் சொல்லப்படும் பாடத்திட்டம்தான் இன்றைக்கும் 'தர்ஸே நிஜாமி' என்று இந்தியாவெங்கும் அடித்தளம். 1866-ல் தேவ்பந்தில் தாருல் உலூம் தொடங்கியவர்கள், வகுப்பு, வருஷப் பரீட்சை, பரிசளிப்பு என்று ஒழுங்கு செய்தார்கள். வெள்ளைக்காரன் காலேஜைப் பார்த்து எடுத்துக்கொண்ட பழக்கம். நல்லதை யாரிடமிருந்து எடுத்தால் என்ன?

நம் பக்கத்தில் வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத். ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் 19-ம் நூற்றாண்டில் தொடங்கியது. அங்கே பட்டம் வாங்கினால் பெயருக்குப் பின்னால் 'பாகவி'. குர்ஆனைத் தமிழாக்கிய ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அப்படி வந்தவர்தான். ஆம்பூர் பக்கம் உமராபாத்தில் 1924-ல் காகா முஹம்மது உமர் நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாமில் ஓதி முடித்தால் 'உமரி'. சென்னை ஜமாலியா என்றால் 'ஜமாலி'. நீடூர் என்றால் 'மிஸ்பாஹி'. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, வாணியம்பாடி வழியாக பஸ் பிடித்தால் முதல் ரெண்டு இடமும் அப்படியொன்றும் தூரமில்லை. பி.ஏ., பி.எல். என்று போட்டால் எந்தக் காலேஜ் என்று தனியாகக் கேட்க வேண்டும். இங்கே பட்டத்தைப் பார்த்தாலே 'யார் மார்க் போட்டது' என்று தெரிந்துவிடும். மாணவன் சொதப்பினால் மதரஸா மானம் போகும். அதனால் பட்டம் கொடுக்குமுன் ரெண்டு தடவை யோசிப்பார்கள்!

இதைவிடக் கடுமையான பரீட்சை ஹாஃபிஸ்களுக்கு. குர்ஆனின் 30 ஜுஸ்உவையும், 114 சூராவையும் மனப்பாடம் செய்தவர் ஹாஃபிஸ். தினமும் காலையில் புதுப்பாடம், அதாவது சபக், ஒப்பிக்க வேண்டும். கூடவே அண்மையில் முடித்த பகுதி. அதற்கும் மேல் 'ஆமோக்தா', பழைய பாடம். புதுசு ஏற ஏறப் பழசு நழுவும் என்று அனுபவத்தில் கண்டு வைத்த ஏற்பாடு. 'வருஷக் கடைசியில் ஒரே பரீட்சை' என்ற பேச்சே இங்கே கிடையாது. தினம் தினம் பரீட்சை. குர்ஆனில் ஒன்றுபோலவே வரும் வசனங்கள் நிறைய. ஒரு சொல் மாறும், மீதி அப்படியே இருக்கும். ரஹ்மான் சூராவில் ஒரே வசனம் 31 தடவை திரும்பத் திரும்ப வரும். எந்த இடத்தில் எதற்கு அப்புறம் எது என்று கவனம் பிசகினால், ரயில் தண்டவாளம் மாறின மாதிரி பையன் வேறு சூராவுக்குள் போய்விடுவான். கெட்டிக்கார மும்தஹின் அந்த இடமாகப் பார்த்துத்தான் "இங்கேயிருந்து ஓது" என்பார்.

பிறகு ரமலான் வரும். பள்ளிவாசலில் தராவீஹ் தொழுகை. இருபது ரக்அத். முன்னால் இளம் ஹாஃபிஸ் நின்று ஓதுகிறார். பின்வரிசையில் அவர் அப்பா, மாமா, மளிகைக்கடை பாய், கூடப் படித்தவர்கள், மொத்த ஊரும். நேர் பின்னால் இன்னொரு ஹாஃபிஸ் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். முன்னவர் தடுமாறினால் அவர் சரியான சொல்லை எடுத்துக் கொடுப்பார். அதற்குப் பெயர் 'லுக்மா'. அரபியில் லுக்மா என்றால் ஒரு கவளம் சோறு! பசித்தவனுக்கு ஊட்டுகிற மாதிரி. ஒரு மாதம், ஊரே பார்க்க ஓப்பன் பரீட்சை. தப்பு வந்தால் அந்த நிமிஷமே திருத்தம். அவமானம் கிடையாது. நம்ம யூனிவர்சிட்டிகளில் பேப்பர் திருத்தி ரிசல்ட் வருவதற்குள் பையனுக்குக் கல்யாணமே ஆகிவிடுகிறது.

கேள்வி கேட்கும் கலை என்று வந்தால் பழைய கதைகளும் சாதாரணமில்லை. இமாம் புகாரி (810-870) பக்தாதுக்கு வந்தபோது அவரைச் சோதிக்க அங்கிருந்த அறிஞர்கள் ஒரு வேலை செய்தார்களாம். நூறு ஹதீஸ்களை எடுத்து, இதன் அறிவிப்பாளர் வரிசையை அதற்கும் அதன் வரிசையை இதற்கும் மாற்றிப் போட்டு, பத்துப் பேரிடம் ஆளுக்குப் பத்தாகக் கொடுத்துக் கேட்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் புகாரி சொன்ன பதில் 'எனக்குத் தெரியாது' என்பதுதான். நூறும் முடிந்தது. கூட்டத்தில் சிரிப்பு. பிறகு முதல் ஆளைப் பார்த்துத் திரும்பி, 'நீ சொன்ன முதல் ஹதீஸ் இப்படி, அது தப்பு, சரியானது இது' என்று ஆரம்பித்து நூறையும் கேட்ட வரிசை மாறாமல் சரிசெய்தாராம். சரியானதை நினைவில் வைத்தது பெரிசில்லை, ஒரே தடவை கேட்ட தப்பை வரிசையோடு நினைவில் வைத்ததுதான் பெரிசு என்று பின்னால் வந்த அறிஞர்கள் வியந்திருக்கிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. 'தெரியாது' என்று ஒருவன் சொன்னதுமே சைபர் போட்டு எழுந்து போயிருந்தால், அந்தப் பத்துப் பேரும் யாரை ஃபெயில் ஆக்கியிருப்பார்கள்!

இன்னொன்று புகாரியின் தொகுப்பிலேயே இருக்கிறது. நபிகள் நாயகம் தோழர்களிடம் ஒரு விடுகதை போடுகிறார். இலை உதிராத ஒரு மரம் முஸ்லிமைப் போன்றது, அது எது? பெரியவர்கள் காட்டு மரங்களையெல்லாம் யோசிக்கிறார்கள். கூட்டத்தில் சின்னப் பையன் இப்னு உமருக்கு விடை தெரியும். பேரீச்சை. ஆனால் பெரியவர்கள் நடுவே வாய் திறக்க வெட்கம். பேசாமல் இருந்துவிட்டார். பிறகு அப்பாவிடம் சொன்னபோது, 'நீ சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்' என்றார் உமர். தலைவர், முத்தவல்லி, கமிட்டி மெம்பர்கள் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, மைக்கைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிற எட்டு வயசுப் பெண் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதுகிறவர்கள் இந்த ஹதீஸை நிச்சயம் ஓதியிருப்பார்கள். தனியாக, அவளுக்குப் பழக்கமான உஸ்தாத் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் அவளே கடகடவென்று ஒப்பிப்பாள்.

* * *

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய முடியுமா? பக்கத்து வீட்டுக்காரர்கள் செய்கிறார்கள்.

கேரளாவில் சமஸ்தாவின் இஸ்லாம் மத வித்யாப்யாச போர்டு 1951-ல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான மதரஸாக்கள். 5, 7, 10, 12 வகுப்புகளுக்கு எல்லா ஊரிலும் ஒரே கேள்வித்தாளில் பொதுப்பரீட்சை. சொல்லிக்கொடுத்த உஸ்தாதே தன் பிள்ளைகளுக்கு மார்க் போட்டுக்கொள்கிற வேலை இல்லை. மார்க்கில் சந்தேகமா, மறுமதிப்பீடு கேட்கலாம். இலங்கையில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம். முஸ்லிம் பிள்ளைகள் 'இஸ்லாம்' பாடத்தைத் தமிழிலேயே எழுதுகிறார்கள். பரீட்சைத் திணைக்களம் திருத்துகிறது. யார் பேப்பரை யார் திருத்துகிறார் என்று யாருக்கும் தெரியாது. மலேசியாவில் 'காஃபா' வகுப்புப் பிள்ளைகளுக்கு நடக்கும் யு.பி.கே.கே. தேர்வில் தொழுது காட்டுவது தனிப் பிரிவு. உட்கார்ந்து எழுதினால் மட்டும் போதாது.

மலேசியத் தேர்வில் இன்னொரு பிரிவு இருக்கிறது. இஸ்லாமிய வாழ்க்கை முறையை எவ்வளவு கடைப்பிடிக்கிறான் என்று மதிப்பீடு. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் உதறுகிறது. தொழத் தெரியுமா என்று பார்க்கலாம். பக்தி இருக்கிறதா என்று எந்த மும்தஹின் பார்ப்பது? ஒழுக்கத்துக்கு மார்க் என்றால், மார்க்குக்காக ஒழுக்கமாக இருக்கக் கற்றுக்கொள்ளும் பையன்கள் கிளம்பிவிடுவார்கள். (மேனேஜர் வரும்போது மட்டும் ஃபைலைப் புரட்டுகிறவர்கள் நமக்குத் தெரியாதா!) தப்பாக ஓதினால் தப்பு என்று சொல்லலாம். நல்லவனா என்பதை மேலே ஒருத்தன் பார்த்துக்கொள்வான்.

தமிழ்நாட்டில் மதரஸாக்களுக்கு அரசு வாரியம் கிடையாது. உத்தரப்பிரதேசத்தில் உண்டு. அந்த 2004 சட்டத்தை 2024 மார்ச்சில் அலகாபாத் ஹைகோர்ட் ரத்து செய்தது. நவம்பர் 5-ல் சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும் என்றது. ஆனால் காமில், ஃபாஸில் என்று டிகிரிக்குச் சமமாகக் கொடுத்துவந்த பட்டங்களை மட்டும் வெட்டியது. டிகிரி கொடுப்பது யு.ஜி.சி. விவகாரம் என்பதால். கல்வித் தரத்தை ஒழுங்குபடுத்த அரசுக்கு உரிமை உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இங்கே மதரஸாவில் ஓதும் பையன்கள் பலர் தனித்தேர்வராகப் பத்தாவது, பிளஸ் டூ எழுதி, தொலைதூரக் கல்வியில் டிகிரியும் வாங்கிக்கொள்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் 68.54 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே கடைசியில் நின்ற மாவட்டம் தர்மபுரி. இந்த ஊர்ப் பையனுக்கு அந்த ரெண்டாவது மார்க் ஷீட் வெறும் அலங்காரம் இல்லை.

சரி, முதல் மார்க் ஷீட்டில் கோட்டை விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? 'சனது' வாங்கிய ஆலிம் ஊருக்கு வருகிறார். பள்ளிவாசலில் இமாம். ஒருவர் மௌத்தாகிறார். வக்கீலிடம் போவதற்கு முன் குடும்பம் நேராக ஹஜ்ரத்திடம்தான் வரும். "ஹஜ்ரத், வாரிசுப் பங்கு எப்படின்னு சொல்லுங்க."

நிலம் விற்ற பணம் 24 லட்சம். மனைவி, ஒரு மகன், ஒரு மகள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 லட்சம். மீதி 21-ல் மகனுக்கு 14, மகளுக்கு 7. இது சுலபம். 'வாரிசுரிமைச் சட்டம் குறித்துச் சிறு குறிப்பு வரைக' என்று கேள்வி கேட்டு அறுபது மார்க் கொடுத்துப் பாஸ் பண்ணிவிட்ட ஆலிம்கூட இதைச் சமாளித்துவிடுவார். அடுத்தது வரும்போதுதான் வேஷம் கலையும். மனைவி, இரண்டு மகள்கள், அப்பா, அம்மா. மகள்களுக்கு மூன்றில் இரண்டு. அப்பாவுக்கு ஆறில் ஒன்று. அம்மாவுக்கு ஆறில் ஒன்று. மனைவிக்கு எட்டில் ஒன்று. கூட்டினால் சொத்தைவிடப் பங்கு அதிகம்! 24-க்கு 27 வருகிறது. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்பது? தெரியாத ஆள் முதலில் கை வைப்பது அந்த விதவையின் பங்கில்தான்.

இதே கேள்வியை அலீ அவர்களிடம் மிம்பரில் நின்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது ஒருவர் கேட்டாராம். பேச்சை நிறுத்தாமலே, மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று சொல்லிவிட்டு மேலே தொடர்ந்தார். அதனால் இந்தக் கணக்குக்கே 'மிம்பரிய்யா' என்று பெயர். சொத்தை 24 பங்காக இல்லாமல் 27 பங்காகப் போட வேண்டும். எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் கொஞ்சம் குறையும், யாரும் வெறுங்கையோடு போக மாட்டார்கள். 27 லட்சம் என்றால் மனைவிக்கு 3. மகள்களுக்கு ஆளுக்கு 8. அப்பாவுக்கு 4, அம்மாவுக்கு 4.

கூட்டிப் பாருங்கள். கால்குலேட்டர் இல்லாமல்!